பயாப்சி முடிவு வரும்வரை மனத்தை எப்படித் தேற்றிக்கொள்வது?

காவிரிக்கரை (கேள்வி)

வணக்கம். எனக்கு வயது 41. திருச்சியில் ஆசிரியையாக இருக்கிறேன். மூன்று வாரங்களுக்கு முன் குளிக்கும்போது இடது மார்பில் சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. மேமோகிராம், ஸ்கேன் இரண்டும் எடுத்தார்கள். அறிக்கையில் ‘பைராட்ஸ் 4ஏ’ (கட்டி எவ்வளவு சந்தேகத்துக்குரியது என்று காட்டும் தரக்குறியீடு) என்று இருந்ததால் ஊசி மூலம் சதை எடுத்துப் பார்த்துவிடுவோம் என்றார் மருத்துவர். செவ்வாய்க்கிழமை பயாப்சி முடிந்தது. முடிவு வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம் என்றார்கள்.

இன்று வெள்ளி. திருத்திய விடைத்தாளையே மறுபடியும் திருத்திக்கொண்டிருக்கிறேன். இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் கை தானாகக் கட்டியைத் தேடிப் போகிறது. நேற்றைவிடப் பெரிதாகிவிட்டதுபோல் படுகிறது. என் சித்தி மார்பகப் புற்றுநோயில்தான் இறந்தார். மகளுக்குப் பிளஸ் டூ தேர்வு நடப்பதால் கணவரைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. அவரோ “ஒன்றும் இருக்காது” என்பதற்கு மேல் பேச மறுக்கிறார். இந்த நாட்களைக் கடந்தவர்கள் யாராவது இருந்தால் வழி சொல்லுங்கள்.

வேப்பமரத்தடி

சகோதரி, இரண்டு ஆண்டுகளுக்கு முன் நானும் இதே 4ஏ சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதவள்தான். அந்த எழுத்துக்கு என்ன பொருள் என்பதை யாராவது எனக்கு அன்றே விளக்கியிருந்தால் பாதி இரவுகள் மிஞ்சியிருக்கும். 4ஏ என்றால் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுக்கு மேல், பத்துக்குள். அதாவது அந்தச் சீட்டு வாங்கும் நூறு பெண்களில் குறைந்தது தொண்ணூறு பேருக்கு அது வேறு ஏதோவாகத்தான் இருக்கும். எனக்கு அது ஃபைப்ரோஅடினோமா என்ற சாதாரணக் கட்டியாக முடிந்தது. உங்களுக்கும் அப்படியே முடியும் என்று நான் உறுதி சொல்ல முடியாது; சொன்னால் உங்கள் கணவர் சொல்வதற்கும் நான் சொல்வதற்கும் வேறுபாடு இராது.

கட்டி பெரிதானதுபோல் தோன்றுவதற்கு வருகிறேன். ஊசி உள்ளே போகும்போது ஸ்டேப்ளர் அடிப்பதுபோல் ஒரு சத்தம் கேட்டிருக்குமே, அது ஒவ்வொரு முறை கேட்கும்போதும் உள்ளே சிறிது இரத்தம் கசிந்திருக்கும். எனக்கு நான்காம் நாள் அந்த இடம் நாவற்பழ நிறத்தில் கன்றிப்போய், தொட்டால் கல்லாக இருந்தது. பத்துப் பன்னிரண்டு நாட்களில் மஞ்சளாகி மறைந்தது. நீங்கள் அழுத்திப் பார்க்கப் பார்க்க வலியும் வீக்கமும் கூடுமே தவிர, நோயைப் பற்றிய செய்தி எதுவும் விரலுக்குக் கிடைக்காது. நான் இரவில் இறுக்கமான உள்ளாடையோடு படுத்தேன். கன்றிய இடத்துக்கும் அது நல்லது, கையையும் தடுத்தது. வீக்கம் திடீரென்று கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ, சீழ் கசிந்தாலோ மட்டும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கண்ணாடித்தகடு

நான் நோயியல் ஆய்வகம் ஒன்றில் டெக்னீஷியனாகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். “ஏன் இத்தனை நாள்?” என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

உங்களிடமிருந்து எடுத்த, நூலிழைபோன்ற அந்தச் சதைத்துண்டுகள் முதலில் சதை கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் குறைந்தது ஆறு மணி நேரமாவது ஊற வேண்டும். பிறகு ஆல்கஹாலில் நீர் வற்றி, மெழுகு ஏறி, ஒரு சிறிய மெழுகுக் கட்டியாக வந்து சேரும். அதை ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று நான்கு பங்கு தடிமனுக்குச் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித்தகட்டில் ஏந்தி, சாயமேற்றிய பிறகே மருத்துவர் நுண்ணோக்கியில் பார்ப்பார். ஐயம் வந்தால் இன்னும் ஆழமாகச் சீவித் தரச் சொல்வார்; இன்னொரு மருத்துவரிடம் காட்டுவார்; சிறப்புச் சாயம் கேட்பார். நடுவில் ஒரு ஞாயிறு வந்தால் அதுவும் கணக்கில் சேரும். ஆகவே தாமதமானால் கெட்ட செய்தி என்றோ சீக்கிரம் வந்தால் நல்ல செய்தி என்றோ கணக்குப் போடாதீர்கள். மூன்று நாளில் போன புற்றுநோய் அறிக்கையையும், பத்து நாள் இழுத்துச் சாதாரணக் கட்டியாக முடிந்ததையும் நானே உறையில் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

ஆறாம்ஆண்டு

தங்கை, எனக்கு முடிவு மறுபக்கம் வந்தது. எழுதலாமா என்று தயங்கித்தான் எழுதுகிறேன். அறுவை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து ஆறு ஆண்டுகளாகின்றன. இன்று காலையும் இட்லிக்கு ஊறப்போட்டுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அந்தச் செய்தியைக் கேட்ட நாளைவிட, கேட்பதற்கு முந்தைய வாரமே எனக்குக் கடினமாக இருந்தது, ஏனென்றால் கேட்டபின் செய்வதற்கு வேலை இருந்தது.

சித்தியை நினைத்துப் பயப்படுகிறீர்கள். மார்பகப் புற்றுநோய்களில் மரபு வழியாக வருவது நூற்றுக்கு ஐந்து முதல் பத்துதான். சித்தியைப் பற்றி மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், ஆனால் அவருக்கு நேர்ந்ததே உங்களுக்கும் என்று முடிவு கட்ட வேண்டாம்.

இரண்டு காரியங்களை இன்றே செய்யுங்கள். முடிவை யார், என்றைக்கு, எப்படிச் சொல்வார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். என் அறிக்கை வாட்ஸ்அப்பில் வந்தது, பேருந்தில் நின்றுகொண்டு தனியாகப் படித்தேன், அந்தப் பிழையை நீங்கள் செய்யாதீர்கள். அடுத்து, பயப்படுவதற்கென்று மாலையில் அரை மணி நேரம் ஒதுக்கி, மனத்தில் வருவதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள்; மற்ற நேரத்தில் வந்தால் “ஆறு மணிக்குப் பார்க்கலாம்” என்று தள்ளிவையுங்கள். கேட்கச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். எனக்கு மூன்றாம் நாளிலிருந்து பிடிபட்டது. தூக்கமே இல்லையென்றால் மருத்துவரிடம் கேளுங்கள். வீட்டில் கிடக்கும் மாத்திரையை எடுத்துப் போடாதீர்கள்.

காவிரிக்கரை

மூவருக்கும் நன்றி. மருத்துவமனையில் விசாரித்தேன், புதன்கிழமை பதினொரு மணிக்கு நேரில் வரச் சொல்லி, அதற்குமுன் அறிக்கையை அலைபேசிக்கு அனுப்ப வேண்டாம் என்ற என் கோரிக்கையையும் குறித்துக்கொண்டார்கள். கணவரிடம் “ஒன்றும் இருக்காது என்று சொல்லாதீர்கள், கூட வந்து உட்காருங்கள்” என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்; எனக்குத் தெரியாமல் வியாழனே கொடுத்திருக்கிறார். மகளுக்குச் செவ்வாயன்று கடைசித் தேர்வு. அது முடிந்த அன்று மாலை அவளிடமும் சொல்லிவிடுவேன்.