புதுப்பிப்பு: எங்கள் தெருத் தண்ணீர் விஷயம் வானொலிக்குப் போனது

கோட்டூர்புரத்தில் எங்கள் குடியிருப்பில் சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) கழுவுவது, தண்ணீரைக் காய்ச்சுவது பற்றி ஒட்டும் நோட்டீஸை யாரும் படிப்பதில்லை, உள்ளூர் வானொலி உதவுமா என்று முன்பு கேட்டிருந்தேன். ஒரு பகுதி மக்களுக்காகவே இயங்கும் சிறு வானொலியான சமுதாய வானொலியைப் பாருங்கள் என்றீர்கள். சரி, போய்ப் பார்த்தோம்.

சென்னைக்கு இது புதிதில்லை. நாட்டின் முதல் வளாக சமுதாய வானொலியான, அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். 2004இல் இங்கேதான் தொடங்கியது. இந்த நிலையங்களின் அலை சில கிலோமீட்டருக்கு மேல் போகாது. அதுதான் நமக்கு வசதி: நம்ம தெரு, நம்ம லாரித் தண்ணீர் என்றே பேசலாம்.

உரை வேண்டாம், கேள்வி பதிலாக வைத்துக்கொள்வோம் என்றார்கள் நிலையத்தில். எங்கள் பிளாக்கில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு சுகாதாரப் பணியாளர் அக்கா பேசினார்.

"குளோரின் மாத்திரை போட்டதும் குடிக்கலாமாக்கா?"

"அரை மணி நேரம் மூடி வைம்மா, அப்புறம் குடி."

வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலும் சொன்னார்: ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டி அளக்க வேண்டும். மறுநாள் குழாயடியில் இதே அளவை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நோட்டீஸுக்கு அந்த யோகம் வாய்த்ததே இல்லை.

சம்ப் கழுவும் செலவு யாருடையது என்ற சண்டை மட்டும் நேரலையிலும் தீரவில்லை. அடுத்த முறை சங்கச் செயலாளரையே கூப்பிட்டிருக்கிறோம். கேள்வி இருந்தால் கீழே போடுங்கள்.