டிராக் சைக்கிள் போட்டிக்கு நெல்லையிலிருந்து எப்படிப் போவது?

பாளை சித்தப்பா:
அண்ணன் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். அண்ணா மிதிவண்டிப் போட்டியில் இரண்டாவதாக வந்ததிலிருந்து டிராக்கில் (சைக்கிள் பந்தயத்துக்கென்றே கட்டிய நீள்வட்டப் பாதை) ஓட்டணும் என்று ஒரே பிடிவாதம். ஆளைத் தேர்ந்தெடுப்பது யார், போட்டியில் தகராறு வந்தால் யார் தீர்ப்பது, நம்ம ஊரில் டிராக்கே இல்லையே எங்கே பழகுவது? விவரம் தெரிஞ்ச அண்ணாச்சிமார் சொல்லுங்க.

வண்ணாரப்பேட்டை பெடல்:
அண்ணாச்சி, அண்ணா போட்டி விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்துவது, கியர் இல்லாத சாதாரண சைக்கிளில் ரோட்டில் ஓட்டுவது. அதை வைத்து டிராக் போட்டிக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள். அதற்கு மாவட்டச் சங்கம், மாநிலச் சங்கம், இந்திய சைக்கிளிங் சம்மேளனம் என்று படிப்படியாகத்தான் போகணும். தேசியப் போட்டிக்குப் பெயர் அனுப்புவது மாநிலச் சங்கம், நாமே பணம் கட்டி நுழைய முடியாது. வயதுப் பிரிவுக்குப் பிறந்த வருஷம்தான் கணக்கு (அந்த வருஷம் 17, 18 ஆகிறவர்கள் ஜூனியர்), அதனால் பிறப்புச் சான்றிதழில் எழுத்துப் பிழை இருந்தால் இப்போதே திருத்திவிடுங்கள். டிராக் சென்னைப் பக்கம் மேலக்கோட்டையூரில், விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது, 2024 ஜனவரி கேலோ இந்தியா டிராக் போட்டியெல்லாம் அங்கேதான் நடந்தது. நெல்லை எக்ஸ்பிரஸில் தாம்பரம் இறங்கி, வண்டலூர் வழியாக கேளம்பாக்கம் ரோட்டில் போகணும்.

பழைய ஸ்பிரிண்டர்:
தகராறு பற்றிக் கேட்டீர்களே, அதற்கு கமிசேர் என்று நடுவர்கள் உண்டு. ஸ்டார்ட்டர் தனி, கடைசிக் கோட்டில் யார் முந்தினார் என்று பார்க்கிறவர் தனி. ஓடுவதற்கு முன் சைக்கிளையும் பார்ப்பார்கள்: பிரேக் இருக்கக் கூடாது, ஃபிக்ஸடு கியர் (சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும், பெடலை நிறுத்தி உருள முடியாது), எடை 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது. புதுப் பையன்கள் மாட்டுவது சிவப்புக் கோட்டில். டிராக்கின் உள்விளிம்பிலிருந்து 85 சென்டிமீட்டரில் அது இருக்கும். ஸ்பிரிண்டில் (குறுகிய தூர வேகப் பந்தயம்) முன்னால் போகிறவன் அதற்கு உள்ளே இறங்கிவிட்டால் பின்னால் வருகிறவன் வெளிப்பக்கமாகத்தான் முந்தணும். உள்ளே இடுக்கில் புகுந்தான் என்றால், முதலில் வந்தாலும் அவனுடைய இடத்தைப் பின்னால் தள்ளிவிடுவார்கள். ஓட்டத்தில் நடந்ததைப் பற்றி கமிசேர் சொன்னதுதான் முடிவு, அங்கே நின்று சத்தம் போட்டுப் பிரயோஜனம் இல்லை. ஆனால் ஆட்களைத் தேர்ந்தெடுக்கிற சங்கமே நடுவரையும் போடும்போது ஒரு சந்தேகம் வரத்தான் செய்யும், வெளி மாநில ஆள் ஒருத்தராவது இருக்கணும் என்பது என் கட்சி.

பாளை சித்தப்பா:
சரி. அந்த ஃபிக்ஸடு சைக்கிளை வாங்கி இங்கே ரோட்டிலேயே பழகட்டுமா?

பழைய ஸ்பிரிண்டர்:
வேண்டவே வேண்டாம். பிரேக் இல்லாத சைக்கிளோடு பஸ்ஸுக்கு முன்னால் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாததா. ரோட்டுக்கு பிரேக் உள்ள சைக்கிள், விடியற்காலையில் நாங்குநேரி பக்கம், பின்னால் பைக்கில் நீங்கள். ஃபிக்ஸடு வீட்டுக்குள் ரோலரில் (நின்ற இடத்திலேயே ஓட்டிப் பழகும் உருளைகள்) மட்டும். அப்புறம், 250 மீட்டர் டிராக்கின் வளைவு 40 டிகிரிக்கு மேல் சாய்ந்திருக்கும், பயந்து வேகத்தைக் குறைத்தால் டயர் வழுக்கிக் கீழே வந்துவிடுவான். அதை ரோட்டில் கற்றுக்கொள்ள முடியாது, லீவுக்கு டிராக்குக்கே அனுப்புங்கள்.

வண்ணாரப்பேட்டை பெடல்:
இன்னொன்று. நுழைவுக் கட்டணம் கட்டும் முன்னால் அந்த மாவட்டச் சங்கம் மாநிலச் சங்கத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். அங்கீகாரம் இல்லாத சங்கத்தின் சான்றிதழை ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்குக் கொண்டுபோனால் எடுக்க மாட்டார்கள்.