5102ஏ போர்டும் 1543 சிப்பும்: வீட்டில் கட்டிய டாக், கேட்ட அனுபவங்கள்

செட்டப்: ராஸ்பெர்ரி பை 4, ஊதா நிற பிசிஎம் 5102ஏ போர்டு

டாக் என்பது டிஜிட்டல் பாட்டை ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்ற அனலாக் சிக்னலாக மாற்றும் கருவி. இங்கே பாட்டைத் தருவது ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி. இந்தச் சின்ன டாக் போர்டு பாட மறுத்தால் சிப்பைச் சந்தேகிக்காதீர்கள், முதலில் எஸ்சிகே (சிஸ்டம் கிளாக்) காலைப் பாருங்கள். பை அந்தக் கிளாக்கைத் தருவதில்லை. கால் கிரவுண்டில் இருந்தால்தான் சிப் தன்னுள் இருக்கும் பிஎல்எல் மூலம் பிட் கிளாக்கிலிருந்து தனக்கு வேண்டியதை உருவாக்கிக்கொள்ளும். அந்தரத்தில் விட்டால் ஒரு நாள் பாடும், மறுநாள் கரகரக்கும். எஸ்சிகே துளைக்குப் பக்கத்தில் இரண்டு குட்டிப் பேடுகள் இருக்கும். ஒரு சொட்டு ஈயம் வைத்து இரண்டையும் சேர்த்துவிடுங்கள்.

பின்பக்கம் நான்கு ஜம்பர்கள், ஈயம் வைத்து ஒரு பக்கமாகச் சேர்க்கும் பேடுகள். 1, 2, 4 மூன்றும் எல் (லோ) பக்கம், 3 மட்டும் எச் (ஹை) பக்கம். மூன்றாவது மியூட் கால். அது எல் பக்கம் இருந்தால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் மௌனம்தான். நான்காவது எச் பக்கம் போனால், பை டிஜிட்டல் பாட்டை அனுப்பும் ஐ2எஸ் வடிவத்துக்குப் பதில் சிப் வேறு வடிவத்தை எதிர்பார்க்கும். பாட்டு அடையாளம் தெரியும், ஆனால் கிழிந்த ஸ்பீக்கர் மாதிரி இரையும். வாங்கும்போதே சில போர்டுகளில் ஜம்பர் போட்டிருக்கும், சிலவற்றில் இருக்காது. லென்ஸ் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

பை பக்கம் 12-ஆம் பின் பிசிகே (பிட் கிளாக்), 35 எல்ஆர்சிகே (இடது-வலது கிளாக்), 40 டேட்டா, 39 கிரவுண்ட். கான்ஃபிக் கோப்பில் ஹைஃபைபெர்ரி டாக் ஓவர்லேயை (போர்டைப் பைக்கு அறிமுகப்படுத்தும் வரி) சேர்த்து, பையின் சொந்த ஆடியோவை நிறுத்திவிட்டு ரீபூட் செய்யுங்கள். வயர் 10 செ.மீ.க்குள் இருக்கட்டும். 44.1 கிலோஹெர்ட்ஸ் பாட்டுக்கு பிசிகே 2.8224 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது, 192-க்கு 12.288. நீள வயரில் 44.1 ஒழுங்காகப் பாடி, 192 மட்டும் டிக் டிக்கென்று வெட்டினால் வயரைத்தான் குறைக்க வேண்டும். பை முனையில் மூன்று சிக்னலுக்கும் தலா 33 ஓம் தொடரில் போட்டால் இன்னும் நிதானமாகிவிடும்.

அதே போர்டு, எர்த் உள்ள ஆம்ப்ளிஃபயர்

மேலே சொன்னதெல்லாம் சரியாக இருந்தும் பாட்டு இல்லாத இடத்தில் கொசு ரீங்காரம் மாதிரி ஒன்று கேட்கும். எஸ்டி கார்டைப் படிக்கும்போது அதன் சுருதி மாறும். பையை ஒரு பவர் பேங்கில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் குற்றவாளி அடாப்டர் அல்லது கிரவுண்ட் லூப், அதாவது கிரவுண்ட் இரண்டு வழியில் சேர்ந்து உண்டாகும் வளையம். ஆர்சிஏ வழியில் 600:600 ஓம் ஆடியோ ட்ரான்ஸ்ஃபார்மர் ஒரு ஜோடி லூப்பை அறுத்துவிடும். பவர் பேங்கிலும் நிற்கவில்லை என்றால் பையின் 5 வோல்ட் லைனிலேயே அழுக்கு இருக்கிறது. டாக் போர்டுக்குத் தனி லீனியர் சப்ளை கொடுத்து, கிரவுண்டை ஒரே இடத்தில் சேருங்கள். ஆம்ப்ளிஃபயர் பிளக்கின் எர்த் பின்னைப் பிடுங்கும் யோசனையை மட்டும் தயவுசெய்து யாரும் கேட்காதீர்கள், உயிருக்கு ஆபத்து.

செட்டப்: டிடிஏ 1543, ஃபில்டர் இல்லாமல்

இதுவும் ஒரு டாக் சிப், எட்டுக் கால். டிஜிட்டல் ஃபில்டர் இல்லாமல் ஓட்டுகிறோம். வெளியே வருவது வோல்டேஜ் அல்ல, கரண்ட். முழு அளவில் 2.3 மில்லி ஆம்பியர். கிரவுண்டுக்கு ஒரு ரெசிஸ்டர் போட்டு அதை வோல்டேஜாக மாற்றுகிறோம். தப்பு நடக்கும் இடமும் அதுதான். வெளியீட்டுக் கால் 1.8 வோல்டுக்கும், சப்ளையிலிருந்து 1.2 குறைத்த அளவுக்கும் இடையில் மட்டுமே ஆடலாம். 5 வோல்ட் கொடுத்தால் கிடைக்கும் இடம் வெறும் 2 வோல்ட். அங்கே 1 கிலோ ஓம் போட்டால் 2.3 வோல்ட் ஆட வேண்டிவரும், உச்சத்தில் வெட்டிவிடும். தவில் ஓங்கி விழும் இடங்களில் மட்டும் நாராசமாகக் கேட்டால் இதைச் சரிபாருங்கள். 8 வோல்ட் கொடுத்தால் 5 வோல்ட் இடம் இருக்கும், ஆனால் சிப் நன்றாகச் சுடும்; காற்றோட்டம் வேண்டும்.

பெயரின் கடைசியில் ‘ஏ’ இருக்கிறதா என்றும் பாருங்கள். 1543ஏ ஐ2எஸ் புரியாத சிப்; ஐ2எஸ் கொடுத்தால் இரைச்சல்தான் வரும். பழைய போர்டிலிருந்து கழற்றிய சிப்புகளும், மேலே தேய்த்துப் புதுப் பெயர் அச்சடித்தவையும் நிறையப் புழங்குகின்றன. அசிடோன் தொட்ட பஞ்சால் துடைக்கும்போது எழுத்து கரைந்து பஞ்சில் கறுப்பு ஒட்டினால் நம்பாதீர்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டது

ஒப்பிடும் முன் லெவலைச் சமன் செய்யாவிட்டால் பேசி என்ன பயன்? 5102ஏ 2.1 வோல்ட் தருகிறது, 1 கிலோ ஓம் போட்ட 1543 சுமார் 0.8. எட்டு டெசிபலுக்கு மேல் வித்தியாசம். சத்தமாகப் பாடுவதே எப்போதும் ‘விரிந்து’ கேட்கும். 100 அல்லது 200 ஹெர்ட்ஸ் டோன் ஓட்டி, மல்டிமீட்டரை ஏசியில் வைத்து ஸ்பீக்கர் டெர்மினலில் அளந்து, இரண்டும் 1 சதவீதத்துக்குள் வரும்வரை திருத்துங்கள். 1 கிலோஹெர்ட்ஸ் வேண்டாம், சாதா மீட்டர்கள் அந்த உயரத்தில் தடுமாறும்.

சமன் செய்த பிறகு மிச்சம் இருப்பது உண்மையான வித்தியாசம். ஃபில்டர் இல்லாத 1543-இல் 10 கிலோஹெர்ட்ஸில் 0.75 டெசிபல், 20-இல் 3.2 டெசிபல் குறைகிறது. இது 44.1 கணக்கு, சிப்பின் தரக்குறைவு அல்ல. ஜால்ரா, சிம்பல் ஓசை கொஞ்சம் அடங்கி, குரல் முன்னுக்கு வந்ததுபோல் கேட்கிறது. ‘அனலாக் இனிமை’ என்று பலர் சொல்வதில் பெரும்பங்கு இதுதான் என்பது என் கருத்து. அது பிடித்திருந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம், காரணம் தெரிந்து வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

வால்யூமை 1543-க்கு சாஃப்ட்வேரில் குறைக்காதீர்கள். 16 பிட் சிப்பில் 20 டெசிபல் குறைத்தால் மூன்று பிட்டுக்கு மேல் போய்விடும். 10 கிலோ ஓம் லாக் பொட்டென்ஷியோமீட்டர் போடுங்கள்.

கப்ளிங் கெப்பாசிட்டர் பற்றி

1543-இன் வெளியீட்டில் டிசி இருப்பதால் அதைத் தடுக்க கெப்பாசிட்டர் கட்டாயம். 0.47 மைக்ரோஃபாரட் போட்டு அதை 10 கிலோ ஓம் வால்யூமில் இணைத்தால் 34 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் போய்விடும். மிருதங்கத்தின் தொப்பி மெலிந்து கேட்பதற்கு சிப்பைத் திட்டுகிறார்கள். 2.2 மைக்ரோஃபாரட் ஃபிலிம் போட்டால் அது 7 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். 5102ஏ வெளியீட்டில் டிசி இல்லை, அங்கே கெப்பாசிட்டர் தேவையே இல்லை. 470 ஓம், 2.2 நானோஃபாரட் ஃபில்டர் மட்டும் போர்டில் இருக்கிறதா பாருங்கள்.