பெல்ஜியம் - நெதர்லாந்து வான்காவல்: பேச்சுவார்த்தை மேசையில் எதைத்தான் பேசுகிறார்கள்?

எல்லைக்கோடு (கேள்வி):
பெல்ஜியம், நெதர்லாந்து, லக்ஸம்பர்க் மூன்றும் 2015 மார்ச்சில் வான்காவல் (சந்தேக விமானங்களைப் போர் விமானம் அனுப்பி மறிப்பது) ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 2017 ஜனவரி 1 முதல் பெல்ஜியமும் நெதர்லாந்தும் மாதக்கணக்கில் முறை வைத்து மூன்று நாட்டு வானையும் காக்கின்றன. லக்ஸம்பர்க்கிடம் போர் விமானமே கிடையாது. எல்லோருமே நேட்டோ உறுப்பினர்கள், அப்போது பெல்ஜியம், நெதர்லாந்து இரண்டிடமும் இருந்தது ஒரே வகைப் போர் விமானம், எஃப்-16. பிறகு இத்தனை பேச்சுவார்த்தை எதற்கு? நெதர்லாந்து விமானி பெல்ஜிய வானில் பயணிகள் விமானம் ஒன்றை மறித்தால், அவருக்கு உத்தரவு போடுவது யார்?

வான்வழி:
இரண்டு வகையைப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். அடையாளம் சொல்லாத ராணுவ விமானம் வந்தால் அது நேட்டோவின் வேலை. ஜெர்மனியின் உடெம் நகரில் உள்ள வான் கட்டுப்பாட்டு மையம் உத்தரவு தரும். பயணிகள் விமானம் கடத்தப்பட்டதாகச் சந்தேகம் வந்தால் ('ரெனகேட்' என்பது இதைத்தான்) அதிகாரம் அந்தந்த நாட்டுக்குத் திரும்பிவிடும். எந்த மண்ணுக்கு மேலே பறக்கிறதோ, அந்த நாட்டு அமைச்சர் சொல்வதுதான் முடிவு. பெல்ஜியத்தில் பாதுகாப்பு அமைச்சர், நெதர்லாந்தில் நீதித்துறை அமைச்சர். விமானி எந்த நாட்டுக்காரர் என்பது இங்கே பொருட்டே இல்லை.

தலைவலி தூரத்தில் இருக்கிறது. பயணிகள் ஜெட் நிமிடத்துக்குச் சுமார் 15 கி.மீ. போகும். லக்ஸம்பர்க் வடக்கு தெற்காக 82 கி.மீ.தான், ஆறு நிமிடத்தில் நாடே முடிந்து, முடிவெடுக்கும் ஆளும் மாறிவிடுவார். கொஞ்சம் கிழக்கே விலகினால் ஜெர்மனி. பயணிகளோடு உள்ள விமானத்தைச் சுட அனுமதித்த சட்டப்பிரிவை அங்கே அரசியல் சாசன நீதிமன்றம் 2006 பிப்ரவரியில் ரத்து செய்துவிட்டது. அதனால் இந்த மாதிரி ஒப்பந்த வரைவில் வரும் கேள்விகள் எல்லாம் பொடிப்பொடியானவை: எல்லை தாண்டும்போது யார் யாரைக் கூப்பிடுவது? அமைச்சர் கிடைக்காவிட்டால் அடுத்து யார்? விமானியோடு வானொலித் தொடர்பு அறுந்தால் முன்பு கொடுத்த உத்தரவு செல்லுமா? கடைசிக் கேள்விக்குப் பதில் எழுதாமல் விட்டால், ஒருநாள் விமானியே பதில் சொல்ல வேண்டிவரும்.

உண்மையில் அடிக்கடி நடப்பது சாதுவான சமாச்சாரம். பயணிகள் விமானி தவறான அலைவரிசையில் இருப்பார், அவசர அலைவரிசையான 121.5 மெகாஹெர்ட்ஸில் கூப்பிட்டாலும் பதில் வராது. போர் விமானம் அவருக்கு இடப்பக்கம், சற்று மேலே, சற்று முன்னே வந்து இறக்கையை ஆட்டும். அவரும் ஆட்டினால் 'புரிந்தது, பின்னால் வருகிறேன்' என்று பொருள்.

ஷரத்து:
சட்டப் பக்கம் ஒன்று சேர்க்கிறேன். பெல்ஜிய அரசியல் சாசனத்தின் 185வது பிரிவுப்படி, சட்டத்தின் அனுமதி இல்லாமல் வெளிநாட்டுப் படை அந்த மண்ணில் தங்கவோ கடந்துபோகவோ முடியாது. நெதர்லாந்தில் 91வது பிரிவுப்படி ஒப்பந்தத்துக்கு நாடாளுமன்ற ஒப்புதல் வேண்டும். இரண்டு அமைச்சர்கள் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டதால் மட்டும் எதுவும் அமலுக்கு வந்துவிடாது. பெனலக்ஸ் (இதே மூன்று நாடுகள்) போலீஸ் ஒப்பந்தத்தைப் பாருங்கள்: கையெழுத்து 2018 ஜூலை, அமல் 2023 அக்டோபர்.

அடுத்தது நஷ்டஈடு. பணியில் இருக்கும் விமானத்திலிருந்து ஏதாவது விழுந்து ஒரு வீட்டுக் கூரை போனால்? 1951 நேட்டோ படைநிலை ஒப்பந்தத்தின் (ஒரு உறுப்பு நாட்டின் படை இன்னொன்றில் இருக்கும்போது பொருந்தும் விதிகள்) 8வது பிரிவில் வாய்ப்பாடு இருக்கிறது. தவறு படை அனுப்பிய நாட்டுடையது மட்டும் என்றால் அது 75 சதவீதம், விபத்து நடந்த நாடு 25 சதவீதம். வீட்டுக்காரர் தன் நாட்டு அரசிடமே மனு கொடுத்தால் போதும். புது ஒப்பந்தம் எழுதுபவர்கள் இதைத் திரும்ப எழுதப் போனால் இரண்டு வாசகம் முரண்படும். 'அந்த ஒப்பந்தப்படி' என்று ஒரு வரி போடுவதே புத்திசாலித்தனம்.

எல்லைக்கோடு:
நன்றி. அப்படியானால் நாடாளுமன்றம் போகாமல் அமைச்சகங்கள் தமக்குள் போட்டுக்கொள்ளும் புரிந்துணர்வு ஒப்பந்தம் என்பது வெறும் காகிதமா?

கப்பல்துறை:
இல்லை நண்பரே. பராமரிப்பு, பயிற்சி, கொள்முதல் இதெல்லாம் அந்த வகையிலேயே நன்றாக ஓடும். இதே இரு நாடுகளின் கடற்படைகளுக்கு 1996 முதல் நெதர்லாந்தின் டென் ஹெல்டர் துறைமுகத்தில் கூட்டுத் தலைமையகம் இருக்கிறது. தளபதி நெதர்லாந்துக்காரர், துணைத் தளபதி பெல்ஜியர். கண்ணிவெடி அகற்றும் கப்பல்களை இரு நாட்டுக்கும் சேர்த்து பெல்ஜியம் பார்த்துக்கொள்ளும், ஃபிரிகேட்டுகளை (நடுத்தரப் போர்க்கப்பல்கள்) நெதர்லாந்து பார்த்துக்கொள்ளும். புதுக் கண்ணிவெடிக் கப்பல்கள் 12ஐயும் (ஆளுக்கு 6) 2019இல் பெல்ஜியம்தான் முன்னின்று ஆர்டர் கொடுத்தது. ஆனால் கப்பலை எந்தப் பணிக்கு அனுப்புவது என்ற முடிவை எந்த அரசும் மற்றதன் கையில் கொடுக்கவில்லை.

கெடுவது எங்கே என்றால், ஒருவர் தன் கப்பலில் மட்டும் ரேடாரை மாற்றும்போது. உதிரி பாகம் இரண்டு வகை ஆகும், பயிற்சிப் பாடம் இரண்டாகும், பொதுப் பட்டறையால் கிடைத்த மிச்சம் கரைந்துவிடும். ஆகவே பேச்சில் முதலில் கேட்டு வாங்க வேண்டிய வாசகம்: 'கூட்டாளிக்குச் சொல்லாமல் எந்த மாற்றமும் செய்வதில்லை.'