மறு: கோல்டன் ஹவர், ப்ளூ ஹவர் – தாழ்வெயில், கருக்கல்

அன்புள்ள ஐயாவுக்கும் குழும நண்பர்களுக்கும் வணக்கம்.

> வெளிப்புற ஒளிப்படம் பழகுவோருக்கான கையேட்டில் கோல்டன் ஹவர், ப்ளூ ஹவர் என்பவற்றுக்குப் 'பொன்னேரம்', 'நீலநேரம்' என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

'நேரம்' என்ற சொல்லே வேண்டாம் என்பது என் கருத்து. 'பொன்னேரம்' என்றால் நாள்காட்டியில் நல்ல நேரத்துக்கு அடுத்த கட்டம் போல ஒலிக்கிறது. அதைவிடப் பெரிய தடை நம் ஊர் வானம். சூரியன் தொடுவானத்துக்கு மேல் 6 பாகைக்குள் இருக்கும் ஒளியைத்தான் பெரும்பாலும் கோல்டன் ஹவர் என்கிறார்கள். இலண்டனில் ஜூன் மாதத்தில் சூரியன் சாய்வாக இறங்குவதால் அந்த 6 பாகையைக் கடக்க ஏறத்தாழ முக்கால் மணி நேரம் ஆகிறது. சென்னையில் அது கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குகிறது. 25 முதல் 27 நிமிடத்தில் முடிந்துவிடும். மணிக்கணக்கை நம்பி மெரினாவில் சாவகாசமாகக் கேமரா முக்காலியை விரிக்கும் மாணவருக்குப் பாதி ஒளி அதிலேயே போய்விடும்.

தென்காசிப் பக்கம் நிலைமை இன்னும் கடுமை. நாள்காட்டி சொல்லும் அஸ்தமனத்துக்கு முன்பே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும்; வயலில் மலைநிழல் விழுந்துவிடும். கடிகாரப்படி 'பொன்னேரம்' நடந்துகொண்டிருக்கும், பொன்னிற ஒளி மட்டும் இருக்காது. ஐப்பசி மழைமூட்டத்திலும் இதே கதைதான். ஆகவே பெயர் ஒளியைச் சுட்ட வேண்டும்.

> 'எற்பாடு' என்ற பழஞ்சொல்லை மீட்டெடுக்கலாமே?

எனக்கும் ஆசைதான். தொல்காப்பியம் நெய்தலுக்கு வகுத்த அழகான பொழுது அது. ஆனால் அது பிற்பகலா, சூரியன் எழும் வேளையா என்று அறிஞர்களே இரண்டுபட்டிருக்கிறார்கள். அந்த வழக்கைப் பயிற்சிக் கையேட்டுக்குள் இழுக்க வேண்டாம்.

கோல்டன் ஹவருக்கு நான் முன்வைப்பது தாழ்வெயில். 'வெயில் தாழ வா' என்று இன்றும் வீட்டில் சொல்கிறோம். தாழ்நிலம், தாழ்வாரம் போலத் தாழ இருக்கும் வெயில் என்று கொண்டால் காலைக்கும் பொருந்தும். 'மஞ்சள் வெயில்' எல்லாருக்கும் தெரிந்த சொல்தான். ஆனால் அது மாலையை மட்டுமே நினைவூட்டுகிறது, நிறத்தோடு நின்றும்விடுகிறது. ஒளிப்படக்காரருக்கு நிறத்தைப் போலவே கோணமும் முக்கியம். 6 பாகையில் ஓர் ஆளின் நிழல் அவர் உயரத்தைப்போல் ஒன்பது மடங்குக்கு மேல் நீளும். கற்சிற்பத்தின் உளித்தடமும் மணலின் வரியும் எழுந்து நிற்பது அந்தப் பக்கவாட்டு ஒளியால்தான். (கேமராவில் நிறத்தைச் சரிசெய்யும் வெள்ளைச் சமநிலை தானியங்கியில் இருந்தால் மஞ்சளைக் கறையென்று எண்ணிக் கழுவப் பார்க்கும். பகல் ஒளி அமைப்பில் வைக்கும்படி கையேட்டில் அங்கேயே ஒரு வரி சேருங்கள், ஐயா.)

இரண்டாவதான ப்ளூ ஹவருக்கு, அதாவது சூரியன் தொடுவானத்துக்குக் கீழே இருக்கையில் வானம் நீலமாகத் தெரியும் வேளைக்கு, நாம் எதையும் ஆக்க வேண்டியதே இல்லை. கருக்கல் இருக்கிறது. 'கருக்கலில் எழுந்து போனான்' என்கிறோம், 'அந்திக் கருக்கல்' என்றும் சொல்கிறோம். இரு முனைக்கும் ஒரே சொல். யாழ்ப்பாணத்து நண்பர்கள் 'மைமல்' என்பார்கள். அருமையான சொல், ஆனால் அது மாலைக்கு மட்டும்.

'கருக்கல்' என்ற சொல்லில் நீலம் இல்லையே என்று ஒருவர் கேட்டிருந்தார். அந்த நீலத்துக்குக் காரணம், மேல் வளிமண்டலத்து ஓசோன் ஆரஞ்சு ஒளியை உறிஞ்சிக்கொள்வது. அதை விளக்கத்தில் எழுதினால் போதும். கன்னியாகுமரிக் கரையில் விடியுமுன் நின்றால் இது கண்ணெதிரே நடக்கும். முதலில் கரை விளக்குகள் மட்டுமே படத்தில் விழும், வானம் வெறும் கறுப்பு. ஏறத்தாழ மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வான்வெளிச்சம் இரட்டித்துக்கொண்டே வரும். ஒரு கட்டத்தில் விளக்கும் வானமும் சமமாகும்; வள்ளுவர் சிலையின் விளிம்பு நீலத்தில் துலங்கும். அடுத்த சில நிமிடங்களில் விளக்குகள் வெளிறிவிடும். இருள் கலைகிற, கூடுகிற இந்த ஓட்டத்தைக் 'கருக்கல்' என்ற சொல் ஏற்கெனவே தாங்கி நிற்கிறது.

சில வட்டாரங்களில் மேகமூட்டத்தையும் கருக்கல் என்பதுண்டு. குழப்பம் வரும் இடத்தில் விடியற்கருக்கல், அந்திக்கருக்கல் என்று பிரித்து எழுதலாம். காலைத் தாழ்வெயில், மாலைத் தாழ்வெயில், தாழ்வெயில் படம், கருக்கல் படம் என்று தொடர்களும் இயல்பாகவே அமைகின்றன. 'தாழ்வெயில்' காலைக்கு ஒட்டவில்லை என்று நினைப்பவர்கள் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள். கையேடு அச்சுக்குப் போகுமுன் முடிவு செய்துவிடலாம்.

அன்புடன்