ஆறாம் வகுப்புக்குள் நுழையும் பிள்ளைகள்: உங்கள் கண்ணில் பட்டது எது?

கரும்பலகை

ஹோம்வொர்க் எழுதாத பிள்ளை வேறு, எழுதியும் கொடுக்காத பிள்ளை வேறு. இரண்டாவது ரகத்தை ஆறாம் வகுப்பின் முதல் மாதத்தில்தான் அதிகம் பார்க்க முடியும். ஒரு பையனுக்கு மூன்று பாடங்களில் "கொடுக்கவில்லை" என்று குறிப்பு விழுந்திருந்தது. பையைத் திறக்கச் சொன்னதும் அப்படியே தரையில் கொட்டினான். கசங்கிய தாள்களுக்கு நடுவே கணக்கு ஹோம்வொர்க் கிடந்தது. முழுசாகப் போட்டிருந்தான், திருத்தமான கையெழுத்தில், அறிவியல் நோட்டுக்குள்ளே. "சார் கேக்கவே இல்லையே" என்றான்.

விஷயமே அதுதான். ஐந்தாம் வகுப்பு வரை ஒரே ஆசிரியர் கேட்டு வாங்கிக்கொள்வார். இப்போது ஆறேழு பேர். ஒருவர் மேசை மேல் வைக்கச் சொல்வார், ஒருவர் தட்டில் போடச் சொல்வார், இன்னொருவர் கணினியில் ஏற்றச் சொல்வார். யாரும் இரண்டாம் முறை கேட்க மாட்டார்கள்.

இரண்டு பாக்கெட் உள்ள ஒரே ஒரு ஃபைல் போதும். இடது பக்கம் "செய்ய வேண்டியது", வலது பக்கம் "கொடுக்க வேண்டியது". எல்லாப் பாடத்துக்கும் அந்த ஒன்றுதான். பாடத்துக்கு ஒரு ஃபைல் வாங்கிக் கொடுத்தால் இரண்டாவது வாரமே கலந்துவிடும். டைரியில் "கணக்கு ஹோம்வொர்க்" என்று மட்டும் எழுதி வந்தால் அது குறிப்பே இல்லை. என்ன, எந்தப் பக்கம், என்றைக்கு, யாரிடம் எப்படிக் கொடுப்பது என்று நான்கும் இருக்க வேண்டும்: "கணக்கு, பக்கம் 24, 3 முதல் 7 வரை, வியாழன், தட்டில்". கடைசிப் பகுதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

நீலமை

பள்ளி ஆலோசகராக நான் சொல்ல வருவது தண்ணீர் பாட்டில் பற்றி. தலைவலி என்று ஒரு சிறுமி வந்தாள். பள்ளி விடும் நேரம். பாட்டிலைத் தூக்கிப் பார்த்தால் காலையில் நிரப்பியது கழுத்து வரை அப்படியே நிற்கிறது. தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக வேண்டும், போக வேண்டும் என்றால் எழுந்து கேட்க வேண்டும், கேட்டால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் கணக்கு அவ்வளவுதான்.

இந்த வயதில் எல்லோரும் தன்னையே கவனிக்கிறார்கள் என்ற எண்ணம் வலுக்கும். உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் 1967இல் இதைக் கற்பனைப் பார்வையாளர்கள் என்று விவரித்தார். "உன்னை யாரும் பாக்கலடா" என்று சொல்லி இதைத் தீர்க்க முடியாது. என்ன சொல்ல வேண்டும் என்று வாயில் பழக்கிவிட்டால் தீரும். "மிஸ், பாத்ரூம் போயிட்டு வரட்டுமா?" இந்த ஒரு வாக்கியத்தை வீட்டில் சத்தமாகச் சொல்ல வையுங்கள், அப்பா மிஸ் ஆகட்டும், அம்மா சார் ஆகட்டும். "இப்பத்தானே பிரேக் விட்டாங்க?" என்று ஒரு தடவை மறுத்தும் பாருங்கள். அதற்கும் பதில் கையில் இருக்க வேண்டும்: "அவசரம் மிஸ்." முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை: பாத்ரூம் எந்தப் பக்கம், கதவுத் தாழ்ப்பாள் விழுகிறதா, எந்த பிரேக்கில் கூட்டம் குறைவு. நாள் முழுக்க அடக்கினால் தலைவலியோடு நிற்காது, சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல் வரைக்கும் போகும்.

இரட்டையர் அம்மா

@கரும்பலகை டீச்சர், ஃபைல் யோசனை நல்லதுதான். ஆனா அந்த ஃபைலை ராத்திரி யார் பார்க்கிறாங்கங்கிறதுதான் கேள்வி. எங்க அடுக்குமாடியில ஒரு பொண்ணு. காலையில லிஃப்ட்ல அவங்கம்மா பையை மாட்டிவிட்டுக்கிட்டே, "இன்னைக்கு முதல் பீரியட் என்னடி?"ன்னு கேட்டாங்க. அது அம்மா முகத்தைப் பார்த்துச்சு. அவங்களே "சமூக அறிவியல்"னு சொல்லிட்டாங்க. பை அடுக்கினது அவங்க, டைம்டேபிள் ஒட்டியிருக்கிறது அவங்க ஃப்ரிட்ஜ்ல, ஃபோட்டோ இருக்கிறது அவங்க ஃபோன்ல.

ஒரேயடியா கையை எடுக்கவும் கூடாது. முதல் ரெண்டு வாரம் சேர்ந்து அடுக்குங்க, ஆனா டைம்டேபிளைப் படிக்கிறது பிள்ளையா இருக்கட்டும். அடுத்த ரெண்டு வாரம் பிள்ளை அடுக்கட்டும், நீங்க பக்கத்துல உக்காந்து பாருங்க, கை வைக்காதீங்க. அதுக்கப்புறம் ஒரே ஒரு கேள்வி: "அடுக்கியாச்சா?" நோட்டு மறந்து போனா கொண்டுபோய்க் கொடுக்கலாமா வேண்டாமான்னு முதல்லயே பேசி வச்சுக்குங்க. கண்ணாடி, மருந்து, சாப்பாடு மறந்தா கொண்டு வருவோம், நோட்டு மறந்தா வரமாட்டோம். அந்த நேரத்துல முடிவெடுக்கப் போனா ஓடத்தான் தோணும்.

பை எடையையும் ஒரு தடவை போட்டுப் பாருங்க. பிள்ளையோட எடையில 10 சதவீதத்துக்குள்ள இருந்தா நல்லது. 35 கிலோ பிள்ளைக்கு மூன்றரை கிலோ. கனமான புத்தகம் முதுகை ஒட்டி, ரெண்டு பட்டையும் தோள்ல. தினமும் எல்லாத்தையும் தூக்கிட்டுப் போற பிள்ளைக்குப் பலம் ஜாஸ்தின்னு நினைக்காதீங்க, அதுக்கு டைம்டேபிள் மேல நம்பிக்கை இல்லைன்னு அர்த்தம்.

நூலக மூலை

லாக்கர் உள்ள பள்ளி என்றால் இது. மணி அடித்து, நடை காலியாகி, ஒரே ஒரு பையன் மட்டும் பூட்டோடு நிற்கிறான். எண் சரி. திருப்பும் முறைதான் தவறு. சுழல் வட்டுப் பூட்டில் (சாவி இல்லாமல், எண் வட்டைத் திருப்பித் திறப்பது) முதலில் கடிகார முள் திசையில் மூன்று முழுச் சுற்று, முதல் எண்ணில் நிறுத்தம். பிறகு எதிர்த்திசையில் முதல் எண்ணை ஒரு தடவை தாண்டிப் போய் இரண்டாவது எண்ணில் நிறுத்தம். மறுபடி கடிகாரத் திசையில் நேராக மூன்றாவது எண். நடுவில் உள்ள அந்த ஒரு முழுச் சுற்றைத்தான் பிள்ளைகள் விடுகிறார்கள். கோடு கொஞ்சம் தாண்டிவிட்டால் பின்னால் திருப்பிச் சரிசெய்யவும் கூடாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும். விடுமுறையிலேயே அதே வகைப் பூட்டு ஒன்று வாங்கி, கையில் பையோடு, நின்றபடி திறந்து பழகட்டும். உட்கார்ந்து நிதானமாகத் திறக்கிற பிள்ளைக்கு அவசரத்தில் கை ஓடாது.

எண்கணித ஆர்வலன்

பை, பூட்டு எல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிடும். கணக்கில் இருக்கும் ஓட்டை மூன்று வருடம் தொடரும். அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே?

ஐந்தாம் வகுப்பில் முழு மதிப்பெண் வாங்கிய ஒரு மாணவியிடம் 8 + 4 = □ + 5 என்று எழுதிக் கொடுத்தேன். யோசிக்காமல் 12 போட்டாள். "அப்போ இந்த 5 எதுக்கு?" என்றதும் அதையும் சேர்த்து 17 ஆக்கினாள். விடை 7. சமக்குறி என்றால் "இங்கே விடை எழுது" என்று அவள் மனதில் பதிந்திருக்கிறது. இரு பக்கமும் ஒரே அளவு என்று பதியாத பிள்ளைக்கு இயற்கணிதம் மந்திரம் மாதிரி இருக்கும்.

தயவுசெய்து கோடை விடுமுறையில் ஆறாம் வகுப்புப் பாடத்தை முன்கூட்டி நடத்தாதீர்கள். வகுப்பில் ஆசிரியர் சொல்லும்போது "எனக்குத் தெரியும்" என்று பிள்ளை காதை மூடிக்கொள்ளும், அரைகுறையாகத் தெரிந்தது அரைகுறையாகவே நிற்கும். அதற்குப் பதில் கீழ் வகுப்பு அடித்தளத்தைத் தட்டிப் பாருங்கள்.

1/2 + 1/3 கேளுங்கள். மேலேயும் கீழேயும் கூட்டி 2/5 என்று வந்தால் உடனே "தப்பு" என்று சொல்ல வேண்டாம். 2/5 பெரிதா, அரை பெரிதா என்று கேளுங்கள். அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தும் அரையைவிடக் குறைந்துவிட்டதே என்று பிள்ளைக்கே உறைக்க வேண்டும். உறைத்த பிறகு சொல்லித்தரும் பொதுப் பகுதிதான் நிலைக்கும்.

எண்கோட்டில் 5/4ஐக் குறிக்கச் சொல்லுங்கள். ஒன்றைத் தாண்டிப் பின்னம் வரும் என்றே பல பிள்ளைகளுக்குத் தோன்றாது. 0.35, 0.4 இரண்டில் எது பெரிது? 35 பெரிது என்பதால் 0.35 என்று வந்தால் இட மதிப்பு தசமப் புள்ளியைத் தாண்டவில்லை என்று பொருள். 0.40 என்று எழுதிக் காட்டினால் டக்கென்று விடை வரும், ஆனால் ஏன் என்று புரியாது. ஒன்றைப் பத்தாகவும் நூறாகவும் பிரித்த கட்டம் வரைந்து வண்ணம் தீட்ட வையுங்கள். 1224 ÷ 12 போடச் சொல்லுங்கள். 102 வர வேண்டும். 12 என்று வந்தால் ஈவில் சுழியம் போட மறந்திருக்கிறது. "12ஐ 12ஆல் பெருக்கினால் 1224 வருமா?" என்று தோராயம் பார்க்கும் பழக்கம் வந்தால் தவறைப் பிள்ளையே பிடித்துவிடும்.

ஒரு நாளைக்கு 15 நிமிடம், வாரம் நான்கு நாள், மூன்று வாரம். அதற்கு மேல் வேண்டாம். நேரம் பார்த்து வாய்ப்பாடு ஒப்பிக்க வைப்பதும் வேண்டாம். பயந்த பிள்ளைக்குத் தெரிந்ததும் மறந்துபோகும். 7, 8, 9 வாய்ப்பாடுகளில் தடுமாறும் இடங்களை மட்டும் குறித்து, தினமும் மூன்று கேட்டால் போதும்.

முதலுதவி அறை

@நீலமை மேடம் சொன்ன அந்தச் சிறுமி தலைவலியோடு வந்தாள். என் அறை வாசலில் நின்ற இன்னொருத்தி ஸ்வெட்டரை இடுப்பில் கட்டியிருந்தாள். வெயில் காலம். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை, சுவரோடு முதுகை ஒட்டி நின்றாள். கையில் பேட் இல்லை, மாற்று உள்ளாடை இல்லை. வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, "இன்னும் சின்னப் பொண்ணுதானே" என்று.

பெண்பிள்ளைகளுக்குப் பருவ மாற்றம் 8 வயதிலிருந்தே தொடங்கலாம், ஆண்பிள்ளைகளுக்கு 9லிருந்து. மார்பு வளரத் தொடங்கிச் சுமார் இரண்டு வருடத்தில் முதல் பீரியட்ஸ் வருவது வழக்கம், அதனால் ஆறாம் வகுப்புக்குள் நுழைகிறபோதே தயாராக இருக்க வேண்டும். கைக்குட்டை அளவுள்ள ஜிப் பை: இரண்டு பேட், ஒரு உள்ளாடை, டிஷ்யூ, பயன்படுத்தியதைச் சுற்ற ஒரு காகித உறை, கறைபட்ட துணிக்கு ஒரு பிளாஸ்டிக் கவர். பையை வாங்கிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடாதீர்கள். ஒரு பேட்டைப் பிரித்து, ஒட்டும் பக்கம் எது, இறக்கை எப்படி மடங்கும், 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை ஏன் மாற்ற வேண்டும் என்று உள்ளாடையில் ஒட்டிக் காட்டுங்கள். பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வெட்கப்பட்டு நிறுத்திவிடுகிறார்கள்.

பையன்களிடமும் பேசுங்கள். வியர்வை நாற்றம், குரல் உடைவது, தூக்கத்தில் விந்து வெளியாவது, இதெல்லாம் இயல்பு என்று அப்பாவோ மாமாவோ சொல்லியிருந்தால் அவன் கண்டதையும் கேட்டுப் பயப்பட மாட்டான்.

காலை மணி

@எண்கணித ஆர்வலன் சார், பின்னம் முக்கியந்தான், மறுக்கல. ஆனா முதல் பீரியட்ல பெஞ்சு மேல கன்னத்தை வச்சுத் தூங்கிட்டு, நோட்டோட சுருள் கம்பி அச்சு கன்னத்துல பதிஞ்சு எழுந்திரிக்கிற பிள்ளைக்கு எந்தப் பின்னமும் ஏறாது.

6லிருந்து 12 வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு 9லிருந்து 12 மணி நேரம் தூக்கம் வேணும், அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016ல சொன்ன அளவு. ஆறு மணிக்கு எழுந்திரிக்கணும்னா ஒன்பதுக்கே தூங்கியிருக்கணும். பள்ளி திறக்கிறதுக்கு முந்தின நாள் சீக்கிரம் படுக்கச் சொன்னா வேலைக்காகாது. ரெண்டு மூணு வாரம் முன்னாடியே, ரெண்டு நாளுக்கு ஒருதடவை 15 நிமிஷம் முன்னுக்குத் தள்ளுங்க. படுக்கிற நேரத்தைவிட எழுந்திரிக்கிற நேரத்தைக் கெட்டியாப் பிடிங்க, எழுந்ததும் வெளிச்சத்துக்குக் கூட்டிட்டு வாங்க. ஃபோன் சார்ஜர் படுக்கையறைக்கு வெளியே. அலாரத்துக்கு ஃபோன் வேணும்னு சொன்னா, தனியா ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிக் கொடுங்க.

வரப்பு

மதிய உணவு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறக்காமல் கையில் பிடித்துக்கொண்டு, மேசை மேசையாகப் பார்த்தபடி நின்ற ஒரு பையன். பழைய நண்பன் வேறு செக்‌ஷன். அவ்வளவுதான் நடந்தது.

பெற்றோர் "போய் ஃப்ரெண்ட்ஸ் பிடி" என்கிறார்கள். எப்படிப் பிடிப்பது? யாரிடம் போய் என்ன சொல்வது என்று வீட்டிலேயே முடிவு செய்து அனுப்புங்கள். மூன்று நான்கு பேர் உள்ள மேசை, ஓரத்து இடம், "இங்க உக்காரலாமா?" பெரிய கும்பலையும் இரண்டே பேர் ரகசியம் பேசும் இடத்தையும் தவிர்க்கட்டும்.

இன்னொன்று உண்மையிலேயே வேலை செய்கிறது. அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் ஜெஃப்ரி போர்மன் குழு 2019இல் வெளியிட்ட ஆய்வு. 11 பள்ளிகளின் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சிறிய எழுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். முந்தைய வருட மாணவர்கள் தொடக்கத்தில் பட்ட தவிப்பையும், அது நாளடைவில் தணிந்ததையும் படித்துவிட்டுத் தங்கள் அனுபவத்தை எழுத வேண்டும். அதைச் செய்த பிள்ளைகளுக்கு ஒழுங்கு நடவடிக்கையும் பள்ளிக்கு வராத நாளும் தோல்வி மதிப்பெண்ணும் குறைந்தன. ஏழாம் வகுப்பில் இருக்கும் அக்காவோ அண்ணனோ பத்து நிமிடம் உட்கார்ந்து, "எனக்கும் முதல்ல அப்படித்தான் இருந்துச்சு, அப்புறம் இப்படி மாறுச்சு" என்று சொன்னாலும் அந்த வழியில்தான் போகிறோம். "எனக்கு ஒண்ணுமே கஷ்டமா இல்ல" என்று பீற்றுகிற அண்ணனைக் கூப்பிட வேண்டாம்.

கரும்பலகை

@இரட்டையர் அம்மா, நீங்கள் சொன்னபடி கையைக் குறைத்துக்கொண்டே வருவதுதான் முறை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். மூன்று வாரம் கழித்து வர வேண்டிய ப்ராஜெக்டை டைரியில் முடியும் தேதியில் மட்டும் எழுதுகிறார்கள், முந்தின ராத்திரி வீடே அல்லோலகல்லோலம். பின்னாலிருந்து வரச் சொல்லுங்கள்: கொடுக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே முடிந்திருக்க வேண்டும், அதற்கு ஒரு வாரம் முன்பு முதல் வரைவு, அதற்கும் முன்பு பொருள் சேகரிப்பு. மூன்றையும் தனித்தனித் தேதியில் எழுதட்டும்.

சந்தேகம் கேட்பதையும் பிள்ளையே செய்யட்டும். "புரியல" என்று மட்டும் சொன்னால் எங்கிருந்து தொடங்குவது என்று எங்களுக்கும் தெரியாது. "மூணாவது கணக்குல ரெண்டாவது படி வரைக்கும் வந்துட்டேன் சார், அடுத்தது எப்படின்னு தெரியல" என்று நோட்டைத் திறந்து காட்டினால் இரண்டு நிமிடத்தில் வேலை முடியும். மணி அடித்ததும் பத்துப் பேர் சூழ்ந்திருக்கும் நேரத்தில் வராமல், எப்போது வரலாம் என்று முதலில் கேட்டுவிட்டு வரட்டும்.