மஞ்சக்குப்பம் வீட்டு டப்பா டிவி

செல்வி: அனைவருக்கும் வணக்கம். பொங்கலுக்கு வெள்ளையடிப்பதற்காக மஞ்சக்குப்பம் வீட்டுக் கூடத்தைக் காலி செய்துகொண்டிருக்கிறோம். பழைய டப்பா டிவியை நாளைக் காலை காயலான் கடைக்காரர் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். யாருக்கும் ஆட்சேபம் இல்லையென்றால் கொடுத்துவிடுகிறேன்.

கதிரவன்: அண்ணி, தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். லாசுப்பேட்டையில் என்னிடம் டிவி கேம் பெட்டியும் அதன் துப்பாக்கியும் நல்ல நிலையில் இருக்கின்றன. அவற்றுக்கு ஏற்ற டிவிதான் இல்லை. காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில்கூட இப்போது பிக்சர் டியூப் டிவி கண்ணில் படுவதில்லை.

யாழினி: சித்தப்பா, அந்த விளையாட்டுகள் எல்லாம், பழைய கேம் பெட்டியைப் போலவே இயங்கும் எமுலேட்டர் செயலி வழியாகக் கைப்பேசியிலேயே ஓடுகின்றனவே. அதற்காக இவ்வளவு கனமான பெட்டியைக் கடலூரிலிருந்து புதுச்சேரிக்குச் சுமந்து செல்ல வேண்டுமா?

கதிரவன்: பெரும்பாலானவை ஓடும், மறுக்கவில்லை. 1985-இல் வந்த சூப்பர் மேரியோ பிரதர்ஸ் முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கிவிட்டது. இடத்தை மிச்சம் பிடிக்க மேகத்துக்கும் புதருக்கும் ஒரே உருவத்தை வைத்து நிறத்தை மட்டும் மாற்றியிருப்பார்கள். பெரிய அண்ணன் இந்தக் குழுவில் தினமும் அனுப்பும் காலை வணக்கப் படம் ஒன்றே அதைவிடப் பெரியது. ஆனால் வாத்து சுடும் டக் ஹன்ட்டை அந்தத் துப்பாக்கியோடு ஆட வேண்டுமென்றால், கைப்பேசியும் உதவாது, உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் புது டிவியும் உதவாது.

ராமலிங்கம்: என் படத்தை ஏனப்பா வம்புக்கு இழுக்கிறாய்? அதில் முருகன் இருக்கிறார். உன் மேரியோவில் இருப்பவர் மீசை வைத்த குழாய் ரிப்பேர்க்காரர்.

யாழினி: புது டிவியில் ஏன் வராது சித்தப்பா?

கதிரவன்: அந்தத் துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை யாழினி, அதன் முனையில் வெளிச்சத்தை உணரும் சிறு கருவி ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான். விசையை அழுத்தியதும் திரை முழுவதும் கண்ணிமைக்கும் நேரம் கறுப்பாகும். அடுத்த நொடித்துளியில் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் தோன்றி மறையும். முதலில் இருட்டையும் உடனே வெளிச்சத்தையும் துப்பாக்கி கண்டுகொண்டால் வாத்து விழும். டப்பா டிவியில் சிக்னல் வந்த அந்தக் கணத்திலேயே திரையில் கோடு கோடாக ஒளி எழும்புவதால் இது கச்சிதமாக நடந்தது. எல்சிடி டிவியோ படம் முழுவதையும் வாங்கி வைத்து, சீர்செய்து, அதன் பிறகுதான் காட்டுகிறது. அந்தத் தாமதம் நம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அதற்குள் விளையாட்டு “குறி தப்பியது” என்று முடிவு கட்டிவிடும்.

கோமதி: கூடத்து டியூப் லைட்டை நோக்கிச் சுட்டு இவன் எங்களை ஏமாற்றப் பார்த்தபோது வாத்து விழாததன் காரணம் இப்போதுதான் புரிகிறது.

கதிரவன்: அக்கா, டியூப் லைட் இருட்டைக் காட்டாதல்லவா!

ராமலிங்கம்: 9999 விளையாட்டுகள் என்று போட்டிருந்த கேசட்டை அப்பா நம்பி வாங்கி வந்தாரே, அதில் இருந்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவைதாம், அவையே வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வந்தன. அப்பா கடைக்காரரிடம் நியாயம் கேட்கப் போனார். “முழுவதும் எண்ணிப் பார்த்துவிட்டு வாருங்கள் ஐயா” என்று அவர் அனுப்பிவிட்டார்.

செல்வி: உங்கள் வாத்து வேட்டையால் நான் தவறவிட்ட தொடர்களுக்குக் கணக்கே இல்லை தம்பி.

கதிரவன்: அந்தச் சண்டையும் ஆட்டத்தில் சேர்ந்ததுதான் அண்ணி. வீட்டுக்கு ஒரே டிவி என்பதால், யார் ஆடினாலும் கூடத்தில் அனைவர் கண்முன்னால் ஆட வேண்டியிருந்தது. தோற்றவன் ஜாய்ஸ்டிக்கை அடுத்தவனிடம் கொடுத்துவிட்டுத் தன் முறை வரும்வரை குறை சொல்லிக்கொண்டிருப்பான், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சன்னல் கம்பியைப் பிடித்தபடி யோசனை சொல்வார்கள். எமுலேட்டரில் 40 கிலோபைட்டும் அப்படியே வருகிறது, இது மட்டும் வரவில்லை. ஆகவேதான் டிவியையும் கேட்கிறேன், உங்கள் அனைவரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்கிறேன்.

இன்னொன்று: காயலான் கடைகளில் செம்புக் கம்பிக்காக டியூபை உடைத்துவிடுவது வழக்கம், அந்தக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. யாரும் பின்மூடியைக் கழற்றவும் வேண்டாம், அணைத்த பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும்.

ராமலிங்கம்: 2011-இல் தானே புயல் வீட்டு ஓடுகளைப் பிய்த்துக்கொண்டு போன இரவில், நானும் அப்பாவும் தார்ப்பாய் போர்த்திக் காப்பாற்றிய டிவி அது. கதிரவனே எடுத்துக்கொள்ளட்டும். குட்டி யானை வாடகையை மட்டும் அவனே கொடுக்க வேண்டும், என்னிடம் பிறகு வரக்கூடாது.

கதிரவன்: நன்றி அண்ணா. சனிக்கிழமை வண்டியோடு வருகிறேன்.

செல்வி: சரி, கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன். டிவிக்குப் பதிலாகப் பழைய கிரைண்டரைக் கொடுத்துவிடுகிறேன்.

கோமதி: எந்தக் கிரைண்டர் அண்ணி? அம்மாவுடையதா?